எட்வினுக்கு ஒரு பெஞ்சு

இங்கிலாந்தில், கார்ன்வாலின் வடகரையில், செங்குத்துப் பாறைக்கு மேலே பன்னிரண்டு பெஞ்சுகள். ஒவ்வொன்றும் செத்துப்போன ஒருவரின் நினைவாகப் போட்டது; அவர் பெயர் பித்தளைத் தகட்டில் இருக்கும். பதின்மூன்றாவதற்கு ஊராட்சி அனுமதி இல்லை. எட்வின் நான்கரோ செத்து ஆறு வருஷமாகியும் அவர் பெயர் காத்திருப்போர் பட்டியலில்தான் கிடந்தது. அவர் மனைவி திர்ஸாவுக்கு அது மானப் பிரச்சினை. உயிரோடிருந்த வரை மனிதர் எதிலும் முந்தியதில்லை. செத்த பிறகுமா வரிசையில் நிற்பது?

இடம் காலியாக வேண்டுமென்றால் கடல் மனது வைக்க வேண்டும். கடல் ஏறினால் கீழே கரை இருந்த அடையாளமே தெரியாது. அலை நேராகப் பாறையின் காலில் வந்து முட்டும். உள்வாங்கினால் கறுத்த பாறை வரிகள், வழுக்குப் பாசி, சிப்பி அப்பிய குண்டுக்கற்கள், முந்தின நாள் சரிந்த மண். குளிர்காலப் புயல் ஒவ்வொன்றும் மேல் விளிம்பை ஒரு கடி கடித்துவிட்டுப் போகும். மறுநாள் காலையில் ஊரே திரண்டு எந்தப் பெஞ்சு போயிற்று என்று பார்க்கும். "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு, நேரே ஊராட்சி கிளார்க் ராடாவின் வீட்டுக்கு ஓடும்.

திர்ஸா குறிவைத்தது ஹெரால்ட் கர்னோவின் பெஞ்சை. அதன் முன்னால் ஒரு விரிசல். தினமும் குடை நுனியை விட்டு ஆழம் பார்ப்பாள். ஹெரால்டின் மனைவி எனிட் எதிரே வந்தால் குரலில் தேன் வழியும்.

"நம்ம ஹெரால்ட் எப்படி இருக்காரு?"

"இருக்காரு, இருக்காரு. உங்களுக்கு என்ன அவ்ளோ அவசரம்?"

பிப்ரவரிப் புயலில் ஹெரால்ட் போய்ச் சேர்ந்தார். பத்தடி உள்ளே தள்ளி எட்வினுக்குப் பெஞ்சு போட்டார்கள். ஃபிளாஸ்க் நிறையத் தேநீரோடு திர்ஸா போனால், அங்கே ஒரே கூட்டம். சிமெண்டுத் தளத்தோடு சறுக்கிப்போன ஹெரால்டின் பெஞ்சு, கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில், ஒரு கால்கூட உடையாமல் நிமிர்ந்து நின்றது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் அதை விழுங்கிவிட்டுத் திரும்பத் துப்பியது. அதைப் படம் பிடிக்க லண்டனிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள்.

"கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களாம்மா? இங்கேருந்துதான் அது நல்லாத் தெரியுது" என்றார் கேமராவோடு வந்த ஒருவர்.

எனிட் வந்து, கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க எட்வின் நல்ல மனுஷன். இருந்தப்ப எங்க ஹெரால்டை அண்ணாந்து பார்த்தாரு. இப்ப குனிஞ்சு பார்க்கறாரு. அவ்ளோதான் வித்தியாசம்."

திர்ஸாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த இடத்துக்காக அலைந்த ஆறு வருஷத்தில் எட்வினுக்காக அவள் ஒரு நாள்கூட ஒழுங்காக அழவில்லை. கடைசியில் வந்த அழுகையும் ஹெரால்டால் வந்தது.

அன்று சாயங்காலமே ராடாவின் கதவைத் தட்டினாள்.

"பெஞ்சைத் திருப்பிப் போடணும். கடலுக்கு முதுகு தெரியட்டும்."

ராடா கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, 'இந்தக் காட்சியை உயிராக நேசித்தவர்'னு நீங்கதானே தகட்டுல எழுதச் சொன்னீங்க? திருப்பினா கார் நிறுத்துற இடம்தானே தெரியும்?"

"தெரியட்டும். அவருக்குக் காருன்னாலும் உசுருதான்."