தட்டு போட்டால் வட்டம்

மைக்ரான் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். தலைமுடி உதிர்ந்தால்கூட எத்தனை மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் எத்தனை பங்கு, என்று அளந்து பார்க்கிற மனுஷி. கணவர் சிலிண்டர் கடைகிற போரிங் மெஷினை வாங்கிப் போட்டு, ஒரே வருடத்தில் அலுத்துப்போய் இன்ஷூரன்ஸ் விற்கக் கிளம்பிவிட்டார். ஃபோன் எடுக்க உட்கார்ந்திருந்த அக்கா மெஷினைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருடமாக நான் பிரிக்கிற இன்ஜின்களுக்கெல்லாம் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து தருவது அவர்தான். புது பிஸ்டன்களை மேசையில் வைக்காமல், சிலிண்டர்கள் இருக்கிற இன்ஜின் பிளாக்கைத் தொடமாட்டார். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்கு வேண்டிய இடைவெளியைக் கூட்டி, சாக்பீஸால் அந்தந்த சிலிண்டர் பக்கத்தில் எழுதிய பிறகுதான் மெஷின் ஓடும்.

இந்த முறை வந்தது என் தங்கை ஓட்டுகிற பள்ளிக்கூட வேன். சின்ன டர்போ டீசல், நாலு சிலிண்டர். முன்பே கால் மில்லிமீட்டர் கடைந்தது, இப்போது அரை மில்லிக்குப் போக வேண்டும்.

"சுவரை அளந்து பாத்துட்டேன் தம்பி. இதுதான் கடைசி. இதுக்கு மேல எடுத்தா டர்போ அழுத்தத்த தாங்காது. பிளாக்க எடைக்குத்தான் போடணும்" என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வேறு பிளாக் வாங்க வழியில்லை. திங்கட்கிழமை வேன் வராவிட்டால் பள்ளிக்கூடம் வேறு வண்டி பார்த்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை, அக்கா கடைந்து முடித்த பிளாக்கை எடுத்து வந்து என் ஷெட்டில் அளந்தேன். இரண்டாவது சிலிண்டர் நீளவாட்டில் சரியாக இருந்தது, குறுக்குவாட்டில் மில்லியில் நூறில் இரண்டு பங்கு குறைந்தது. மூன்றாவதும் அப்படியே. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிளாக்கை வண்டியில் போட்டு நேரே அக்கா பட்டறையில் இறக்கினேன்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? நாலுல ரெண்டு முட்டை மாதிரி இருக்கு."

அக்கா அளந்தார். துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். கேஜை மாற்றியும் அளந்தார். முள் அதையே காட்டியது.

"நேத்து வட்டமாத்தானே இருந்துச்சு" என்றார், என்னிடம் இல்லை. பதினெட்டு வருடத்தில் அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் போய் பயம் வந்தது.

"லேசா எடுத்து நேர் பண்ணிடலாமாக்கா?"

"எடுத்தா பிஸ்டன் ஆடும். இருப்பா, நேத்து என்ன வேற மாதிரி பண்ணேன்?"

வேறு மாதிரி செய்தது ஒன்றே ஒன்று. சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட்டின் போல்ட்டை முறுக்கும்போது பிளாக் இழுபடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஹெட் உட்காரும் இடத்தில் கனமான இரும்புத் தட்டை வைத்து, ஹெட்டுக்குரிய அதே அளவு முறுக்கி, அதோடு கடைந்திருக்கிறார். முதல் முறையாக. வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தட்டை மறுபடி ஏற்றி, போல்ட்டுகளை வரிசைப்படி முறுக்கினோம். தட்டில் இருந்த துளை வழியாக கேஜை இறக்கினார். வட்டம். கழற்றினோம், முட்டை. மறுபடி ஏற்றினோம், வட்டம். எனக்கு மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

"ஓடும்போது ஹெட் மேல இருக்கும்ல தம்பி. அப்ப வட்டமா இருந்தா போதும்."

"சரிக்கா. அப்போ இத்தன வருஷம் தட்டு போடாம வட்டமா கடைஞ்சதெல்லாம்?"

அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஓடும்போது முட்டையாத்தான் ஓடியிருக்கும். எல்லாமே இவ்வளவு கோணியிருக்காது. எது கோணுச்சுன்னு இப்ப யாருக்குத் தெரியும்?"

மூன்று வருடத்துக்கு முன் இதே பிளாக்கை அப்படித்தான் கடைந்தோம். ஒரே வருடத்தில் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. உனக்கு ஓட்டத் தெரியவில்லை, மிதித்து மிதித்தே இன்ஜினைக் கொன்றுவிட்டாய் என்று தங்கையைத் திட்டினேன். பள்ளிப் பிள்ளைகள் பார்க்கப் பார்க்கத் திட்டியிருக்கிறேன்.

ஞாயிறு மாலை இன்ஜின் சுத்தமாகக் கிளம்பியது. தங்கைக்கு ஃபோன் போட்டு, வேன் தயார் என்றேன். அதற்கு மேல் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழித்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணா, இந்தத் தடவ எப்படி ஓட்டணும்னு சொல்லிக் குடுத்துடு. அப்படியே ஓட்டுறேன்."