தலைக்குள் ஒரு கடற்குதிரை

உள்ளங்கையில் ஒரு குளிசையை வைத்து நீட்டியபடி நான் நிற்கிறேன். கட்டிலில் இருப்பவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து நடுங்குகிறார். முப்பது வருடம் போய்விட்டது. இன்றைக்கும் யாருக்காவது மருந்து நீட்டினால் ஒரு கணம் என் கை தயங்குகிறது. ஓய்வு பெற்ற பிறகும் ஓரிடத்தில் இருக்க மாட்டாத பிறவி நான். அந்த முகம் நினைவுக்கு வந்துவிட்டாலோ, எழுந்து வீடு முழுக்க நடக்கத்தான் வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் கண்ணில் படுவதே அரிது. நான் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த தாதி. கட்டிலில் இருந்தவர் கொழும்புத்துறை மீனவர், நாற்பது வயதிருக்கும். காற்றில் வள்ளம் கவிழ்ந்து அவரும் தம்பியும் கடலில் விழுந்திருந்தார்கள். மூச்சில்லாமல் கொண்டுவந்த அவரைப் பெரும்பாடுபட்டுப் பிழைக்க வைத்தோம். தம்பியைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். அண்ணன் கண் விழிப்பதற்குள் தம்பியின் அடக்கமும் முடிந்துவிட்டது.

விழித்தவருக்குப் பழையதெல்லாம் நினைவிருந்தது. புதியது எதுவும் பத்து நிமிடம் தங்கவில்லை. "தம்பி எங்கை?" என்பார். அவர் மனைவி சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடுவார். எனக்குப் பொறுமை என்றால் என்னவென்றே தெரியாது. ஒருநாள் அழுது தீர்த்தால் சரியாகிவிடும், இதற்கு ஏன் இத்தனை ஒளிவுமறைவு என்று பெரிய மேதாவிபோல நினைத்தேன். ஒரு காலை, குளிசை கொடுக்கும்போது, "அண்ணை, தம்பி மோசம் போயிட்டார்" என்று சொல்லிவிட்டேன். அவர் போட்ட ஓலத்தில் வார்டே எழுந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் அடங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை, தம்பி எங்கை?" என்றார். திரும்பவும் சொன்னேன். திரும்பவும் அதே ஓலம். மூன்றாம் முறையும் சொன்னேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. எப்படியாவது மண்டையில் ஏற்றிவிட வேண்டும் என்ற பிடிவாதம். ஒவ்வொரு முறையும் அவருக்குத் தம்பி அப்போதுதான் செத்தான்.

மறுநாள் அவருக்கு என்னை யாரென்றே தெரியவில்லை. நான் சொன்னதில் ஒரு சொல்லும் நினைவில்லை. ஆனாலும் என்னைக் கண்டதும் சுவரோடு ஒதுங்கினார். "இந்தப் பிள்ளையைக் கண்டா நெஞ்சு பதறுது. ஏனெண்டு தெரியேல்லை" என்றார். என் கையிலிருந்து குளிசையை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

டொக்டர் என்மீது கத்தவில்லை, கத்தியிருக்கலாம். மூளையின் உள்ளே லிம்பிக் தொகுதி என்று ஒன்று உண்டாம். அதில் கடற்குதிரை வடிவான ஒரு பகுதி புது நினைவுகளைப் பதிய வைக்குமாம். பக்கத்திலேயே வாதுமைப் பருப்புப் போன்ற இன்னொன்று பயத்தைப் பிடித்து வைத்திருக்குமாம். மூச்சில்லாத நேரத்தில் கடற்குதிரை கெட்டுவிட்டது, வாதுமை தப்பிவிட்டது. "நீர் சொன்னதை அவர் மறந்திட்டார். நீர் குடுத்த பயத்தை மறக்கேல்லை" என்றார். நின்று கேட்ட மனைவிக்குப் பிடிபட்டது கடற்குதிரை மட்டும்தான். அன்று முழுக்க வருவோர் போவோரிடமெல்லாம், "இவரின்ரை தலைக்குள்ளை இருந்த கடற்குதிரை செத்துப்போச்சாம். வலையிலை வாற கடற்குதிரையளைக் காயப்போடாதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான், மாதாவே!" என்று ஒரே புலம்பல். என்னால் சிரிக்கவும் முடியவில்லை.

பயம் தங்குமென்றால் பரிவும் தங்காதா? இந்தக் கேள்வி என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. தினமும் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். பனங்கட்டித் துண்டோடு தேத்தண்ணீர் கொடுத்தேன், தலை வாரிவிட்டேன். முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சும்மா இருப்பதே எனக்குப் பெரிய தண்டனை; கால் துடிக்கும், இருந்தாலும் இருந்தேன். தம்பியைக் கேட்டால், பொய் சொல்ல வாய் வராமல் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். மெல்ல மெல்ல நடுக்கம் குறைந்தது.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போகிற அன்று, என் கையிலிருந்தே குளிசையை வாங்கி விழுங்கினார். "உம்மை ஆரெண்டு தெரியாது பிள்ளை. ஆனா நீர் பக்கத்திலை இருந்தா ஆறுதலாக் கிடக்கு" என்றார். பிறகு, "தம்பி எங்கை?" என்றார். எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது.

அவர் பதறிப்போனார். "ஏன் அழுறீர்? உம்மடை ஆக்கள் ஆரும் மோசம் போயிட்டினமோ?"

"ஓம்," என்றேன். "தம்பி."

அவர் கண்ணும் கலங்கியது. என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அழாதையும் பிள்ளை. என்ரை தம்பி வரட்டும், அவனை உம்மடை வீட்டுக்கு அனுப்பிவிடுறன். அவனும் உமக்கு ஒரு தம்பிதானே."