அக்கா ஓட்டிய கார்

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன், சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் ஐயா பழைய கார் ஒன்றை வாங்கினார். வாங்கிய பிறகுதான் தன்னுடைய கண்பார்வை அதற்குப் போதாது என்று அவருக்கு விளங்கியது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த அக்கா ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தாள். கடலோரப் பெரிய தெருவான காலி வீதியில் சேலை உடுத்த பெண் கார் ஓட்டிப் போனால் பஸ்ஸில் இருப்பவர்கள் எழும்பி நின்று பார்த்த காலம் அது.

அந்தக் கார் சுலபத்தில் ஸ்டார்ட் ஆகாது. உப்புக்காற்றில் பெட்டரி முனைகளில் பச்சையாகக் களிம்பு பூத்துவிடும். அக்கா சுடுதண்ணீர் விட்டுக் கழுவி கிறீஸ் பூசுவாள். மழை பெய்த மறுநாள் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் மூடிக்குள் ஈரம் இறங்கியிருக்கும். அதைக் கழற்றித் துடைத்து, அடுப்படியில் வைத்துக் காயவிட்டு, திரும்பப் பூட்டி, காரின் முன்துளையில் கைக்கம்பியைப் போட்டு இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் உறுமிக்கொண்டு எழும்பும். ஐயா வாசலில் நின்று, "என்ரை பிள்ளைக்குத்தான் அது அடங்கும்" என்று போவோர் வருவோருக்கெல்லாம் சொல்லுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டுக்குப் புறப்பட்டோம். பிரேக் பிடித்தால் கார் இடப்பக்கம் இழுக்கிறது என்று முந்திய கிழமைதான் கராஜில் கொடுத்து எடுத்திருந்தோம். துறைமுகப் பக்கம் இறங்கும் சரிவில் அக்கா பிரேக்கை மிதித்தாள். கால் சும்மா தரைவரை போயிற்று. முன்னால் கோயிலால் திரும்பும் சனம்.

"பிரேக் இல்லை, பிடிச்சுக்கொள்ளு!" என்று பக்கத்தில் இருந்த எனக்குச் சொன்னாள். கியரைக் குறைத்தாள், கைப்பிரேக்கை இழுத்தாள், சில்லை நடைபாதை ஓரத்தில் உரசவிட்டாள். வீடு கட்டக் குவித்திருந்த மணலில் ஏறிக் கார் நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் தெருவே கூடிவிட்டது. "பொம்பிளைக்குக் காரைக் குடுத்தால் இப்படித்தான்" என்று யாரோ சொன்னது, பின்சீற்றில் இருந்த ஐயாவின் காதில் விழுந்தது.

அக்கா சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். பிரேக் மிதியிலிருந்து போகும் கம்பி கழன்று தொங்கியது. பூட்டுகிற ஆணியைக் காணவில்லை. கராஜில் அந்த ஆணி கழன்று விழாமல் தடுக்கும் ஊசியைப் போட மறந்திருக்கிறார்கள்.

"ஐயா, வந்து பாருங்கோ. இது என்ரை பிழை இல்லை."

"தெரியும் பிள்ளை. ஆனா சனம் உப்பிடி விளங்குமே?"

அன்றோடு அவள் ஓட்டுவதை ஐயா நிறுத்திவிட்டார். ஒரு மாதத்தில் தெஹிவளையிலிருந்து ஒருவர் வந்து காரை வாங்கினார். அவர் எவ்வளவு முயன்றும் அது ஸ்டார்ட் ஆகவில்லை. கடைசியில் ஐயாவே உள்ளே வந்து, "பிள்ளை, ஒருக்கா வந்து எழுப்பிவிடன்" என்றார்.

அக்கா மறுக்கவில்லை. மூடியைத் துடைத்தாள், கம்பியைச் சுற்றினாள். "மழை நாளிலை இதைக் கழட்டிக் காயவிடுங்கோ" என்று அந்த மனிதருக்குக் காட்டிக் கொடுத்தாள். கார் முடக்கில் திரும்பியதும் கையைக் கழுவப் போனாள். குழாயடியில் வெகுநேரம் நின்றாள்.

பிறகு அவளுக்குக் கலியாணமாயிற்று. கணவரிடம் கார் இருந்தது. அதை ஓட்டச் சாரதியும் இருந்தான்.

ஐயாவுக்குப் பார்வை முற்றாகப் போன பிறகு ஒருநாள், பார்க்க வந்த அவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் காரை நான் வித்திருக்கக்கூடாது" என்றார்.

"பழைய கார், ஐயா. விக்கத்தான் வேணும்" என்றாள் அக்கா. பிறகு, "சனம் சொன்னதை விட்டிட்டு நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம்" என்றாள்.

ஐயா அவள் கையை விடவில்லை.