நீண்டுகொண்டே போன இடது கை

ரயில் முன்பதிவுக் கவுண்டரில் உட்காரும் அவளுக்கு எதிரி என்று யாரும் கிடையாது, தலைக்கு மேலே மாட்டியிருக்கும் ஏசியைத் தவிர. வரிசையில் நிற்பவர்களுக்காக வைத்த இயந்திரம் அவர்களை விட்டுவிட்டு இவள் பிடரியில் மட்டும் ஊதும். கழுத்து பிடித்துக்கொண்டால் யாரைப் பார்க்கவும் உடம்போடு திரும்ப வேண்டும். "அந்தம்மாவுக்குத் திமிரு" என்று பேரும் வாங்கியாயிற்று.

அதனால் இந்த விடுமுறையில் ஒரு ஸ்வெட்டர். சொந்தபந்தத்துக்கெல்லாம் பின்னிக் கொடுத்தவள் தனக்கென்று ஊசி எடுத்தது இதுதான் முதல் தடவை. கழுத்தை மூடி மடித்துவிடுகிற மாதிரி உயரமான காலர் வைக்கத் திட்டம். காலை நீட்டி உட்கார்ந்து பின்னுவது, அலுத்தால் துப்பறியும் நாவல், மேட்ச் இருந்தால் மேட்ச். கேட்கவே சொர்க்கமாக இருந்தது. அந்தச் சொர்க்கத்தில் புருஷனும் கொழுந்தனும் இருப்பார்கள் என்பதைத்தான் அவள் மறந்துவிட்டாள்.

விடுமுறையின் கடைசி நாள் மாலை. கிரிக்கெட் அரையிறுதி ஆட்டத்தில் நம் ஆட்கள் இலக்கை விரட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்வெட்டரின் உடம்பு முடிந்து, வலது கை முடிந்து, இடது கையும் மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. பாக்கி காலர்தான். கையிலிருந்த கடைசி நூல் உருண்டை அதற்குச் சரியாக இருக்கும். அந்த நீலம் இனி வராது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். விடிந்தால் கவுண்டர், ஏசி.

ஊசியைக் கீழே வைத்து விரல்களைச் சொடுக்கினாள். டிவியில் ஸ்டம்பு பறந்தது.

"அண்ணி, நீங்க ஊசிய வெச்சீங்க, அவன் போயிட்டான்" என்றான் கொழுந்தன், கோர்ட்டில் சாட்சி சொல்கிறவன் மாதிரி.

"ஆடத் தெரியாதவன் அவுட் ஆனதுக்கு நான் என்னப்பா பண்ணுவேன்?"

நாவலைப் பிரித்தாள். கொலை செய்தது தோட்டக்காரனா, தம்பியா என்று தெரியச் சில பக்கங்களே மிச்சம். ஒரு பக்கம் புரள்வதற்குள் இன்னொரு விக்கெட். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் கணவர், காலடியில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

"மொதல்ல அந்தப் புக்க மூடு. ஊசிய எடும்மா."

"கை முடிஞ்சுபோச்சுங்க. இனிமே காலர்தான்."

"சரி, காலரப் பின்னு."

கழுத்து விளிம்பில் முதல் கண்ணியை எடுத்தாள். ரன் அவுட்.

"காலருக்கு ராசியில்ல அண்ணி. கை பின்னுறப்பதான் அடிச்சாங்க. கையவே பின்னுங்க."

"கையத்தான் முடிச்சிட்டேனே! என் கை இவ்வளவுதாம்ப்பா நீளம்!"

"அப்புறமா பிரிச்சுக்கலாம்" என்றார் கணவர். 'விபத்துக்குக் காரணம் கவனக்குறைவே, விதி அல்ல' என்று தன் ஸ்கூல் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கும் மனிதர்.

பின்னினாள். பந்து எல்லைக்கு ஓடியது. இருவரும் அவளைப் பார்த்த பார்வையில் பக்தி தெரிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஸ்வெட்டரின் கை விரல் நுனியைத் தாண்டி மடியில் விழுந்து முழங்காலைத் தொட்டது. தண்ணீர் குடிக்க எழப்போனவளைத் தடுத்துக் கொழுந்தன் தம்ளரை வாயருகே நீட்டினான். வாசல் மணி அடித்தது. யாரும் அசையவில்லை. உருண்டை எலுமிச்சையாகி, நெல்லிக்காயாகிக்கொண்டிருந்தது.

"எனக்குக் கழுத்து வலிக்குது."

"ஜெயிக்கட்டும், தைலம் தேச்சு விடுறேன்" என்றார் கணவர்.

கடைசியில் ஒரு சிக்ஸர், ஜெயித்தே விட்டார்கள். அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அவள் எழுந்து நின்று ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டினாள். இடது கை மலைப்பாம்பு மாதிரி தரையில் கிடந்தது.

"மடிச்சு விட்டுக்கலாமே..." என்ற கணவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"வந்து இப்படி எதிர்ல உக்காருங்க. நீங்க கையப் பிரிங்க. வர்ற நூல்லயே நான் காலரப் போட்டுடுறேன்."

"இதோ, ஆட்ட நாயகன் பரிசு மட்டும்..."

"டிவி பக்கம் திரும்பாதீங்க. பிரிக்கிறவர் டிவியப் பாத்தா ஃபைனல் போயிடும்."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். என் ராசியத்தானே இவ்வளவு நேரம் நம்பினீங்க?"

கொழுந்தனின் முகம் வெளுத்தது. "அண்ணா, திரும்பிடாதண்ணா!"

"நீ டிவி சத்தத்தக் குறைச்சிட்டு அந்த நாவல எடு. விட்ட எடத்துலேருந்து சத்தமாப் படி."

அவன் படித்தான். கணவர் டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கண்ணி கண்ணியாக அவிழ்த்தார். நெளிநெளியாக வந்த நூல் அவள் ஊசியில் ஏறியது. அவர் தோளுக்கு மேலே அந்தக் கடைசி சிக்ஸரை மறுபடி காட்டினார்கள். அவள் புருவம் உயர்ந்ததை அவர் பார்த்துவிட்டார். திரும்பத் துடித்த கழுத்தை விறைப்பாகப் பிடித்துக்கொண்டார்.

"அதக் காட்டுறானா? கேலரிக்கே போச்சா?"

"நூல இழுக்காதீங்க" என்றாள் அவள், ஸ்வெட்டரைத் திருப்பி அடுத்த வரிசையை ஆரம்பித்தபடி.