சக்கைத் தீயில் காய்ந்த வெல்லம்

போன வாரம் சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் — "அடுப்பு சார்! ஏனுங்க, அடுப்பு சார்!"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பினேன். வேறு வழி? இந்த ஜில்லாவில் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் நான் ஒருத்தன்தானே!

கூப்பிட்டது செல்லாயி அக்கா. கொல்லிமலை அடிவாரத்தில் கரும்பு பயிரிடும் ராமசாமி அண்ணனின் மனைவி. அவரைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். காரணம் சொல்கிறேன்.

இந்தப் பத்தி எழுத வருவதற்கு முன்னால், காட்டைக் காப்பாற்ற நினைத்த ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் எனக்கு வேலை. கரும்பு வெட்டும் மாதங்களில் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளுக்கு மலை விறகு வண்டி வண்டியாக வந்து இறங்கும். 'மரத்தை வெட்டாதீர்கள்' என்று புத்தி சொல்லப் போனேன்.

ராமசாமி அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"மலை மொட்டையானா ஓடை நின்னு போவும். ஓடை நின்னா எங்க கரும்பு காஞ்சு போவும். அது தெரியாமயா இருக்கறோம்? வேற என்னத்தைங்க எரிக்கறது?"

பதில் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. உயரமான புகைபோக்கி வைத்த புது அடுப்பு. சாறு பிழிந்த கரும்புச் சக்கையைக் காயவைத்து எரித்தாலே போதும், விறகே வேண்டாம். பேப்பரில் பிரமாதமாக எரிந்தது!

"ஒரே ஒரு கொப்பரைச் சாறு உங்க அடுப்புல காச்சிப் பாக்கறோம். அது கெட்டுதுன்னா நீங்க மறுபடி இந்தப் பக்கம் வரக் கூடாதுங்க சார்" என்றார் அண்ணன்.

புது அடுப்பைக் கட்டி முடித்துப் பற்றவைத்த அன்று காலை கொட்டகையைச் சுற்றி ஒரே கூட்டம். கொப்பரை நிறையக் கரும்புச் சாறு. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கையை அள்ளி அள்ளித் திணித்தேன். அடுப்பு இருமியது... நானும் இருமினேன். புகை மேலே போகாமல் என் முகத்துக்கே வந்தது. ஒரு மணி நேரமாகியும் சாறு கொதிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் புளித்துவிடும்.

அண்ணன், மாடு பூட்டி நின்ற வண்டிக்காரரைப் பார்த்து, மலைப் பக்கம் தலையை அசைத்தார். விறகுக்குத்தான்.

"தள்ளுங்க சாமி!"

செல்லாயி அக்கா. அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்.

"இப்பிடித் திணிச்சா அடுப்பு எப்பிடிங்க மூச்சு உடும்?"

பாதிச் சக்கையை வெளியே இழுத்துப் போட்டார். அடியில் இருந்த சாம்பலை வாரினார். சக்கைக் குவியலில் கை விட்டு, மொறமொறவென்று காய்ந்ததை மட்டும் பொறுக்கி, ஒவ்வொரு பிடியாக வீசினார். அவ்வளவுதான்... தீ உள்ளே பாய்ந்தது. புகைபோக்கி, மேடேறும் லாரி மாதிரி 'ஹோ'வென்று உறுமியது. கொப்பரையில் நுரை பொங்கியது. கிளம்பவிருந்த வண்டிக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

சாறு பாகாகச் சுண்டியதும் அண்ணன் அதில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டார். விரலால் உருட்டினார். உருண்டது — வெல்லப் பதம்!

"வண்டிய அவுத்து உடுப்பா!" என்று கத்தினார் பாருங்கள்... அந்தச் சத்தம் மலையுச்சி வரைக்கும் கேட்டிருக்கும். சூடான பாகைக் கரும்புத் தோகையில் தொட்டுத் தொட்டு ஆளாளுக்கு நாக்கைச் சுட்டுக்கொண்டோம். அண்ணன் எனக்கு ஒரு வாய் ஊட்டியே விட்டார்.

அடுத்த வருஷம் பக்கத்து ஊர்க் கொட்டகைகளிலிருந்து ஆள் வந்தது. என்னைத் தேடியா? செல்லாயி அக்காவைத் தேடி! அவரும் ஊர் ஊராகப் போய்த் தீ போடச் சொல்லிக் கொடுத்தார். என் பிளானில் சாம்பல் வாரும் வாய் சின்னது என்று, என்னைக் கேட்காமலே இடித்துப் பெரிதாக்கினார். சரியாகத்தான் செய்தார்.

"அடிவாரத்துல வெட்டுன மரமெல்லாம் துளுத்து ஆள் உசரம் நிக்குதுங்க சார். இந்த வருசம் மாசி தாண்டியும் ஓடையில தண்ணி!" என்றார் அக்கா பஸ் ஸ்டாண்டில்.

சந்தோஷத்தில் நெஞ்சு நிமிர்ந்தது. விடுவாரா அக்கா?

"எல்லாஞ் சரிங்க. கொட்டாய் அடுப்புக்குப் பிளான் போட்டீங்க. ஊட்டுக்குள்ள நான் இன்னும் வெறகத்தான் ஊதிக்கிட்டுக் கெடக்கறேன். சோத்து அடுப்புக்கு யாருங்க போடறது?"

நான் காத்திருந்த சேலம் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அக்காவோடு அவர் வீட்டுச் சமையலறைக்கே போய்விட்டேன் — இந்தத் தடவை பேப்பரும் பென்சிலும் அவர் கையில்!