நடுங்கும் டம்ளர்

டம்ளரைக் கவிழ்ப்பதற்கு முன்னால் பாண்டிமீனா ஒருமுறை சுற்றிப் பார்ப்பாள். கேட் தாழ் போட்டிருக்கிறதா, அடுப்பை அணைத்தோமா, செல்போனில் தெரியாத நம்பர் எதுவும் வந்திருக்கிறதா. எல்லாம் சரி என்று பட்ட பிறகுதான் அவள் கையில் பகடைகள் குலுங்கும். கவிழ்த்த டம்ளரை ஓரமாகக் கொஞ்சம் தூக்கி உள்ளே பார்ப்பாள். அந்தக் கை நடுங்கும். கீழே வைக்கும்போதும் நடுங்கும்.

வில்லாபுரத்தில் அவள் குடியிருக்கும் காம்பவுண்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தால் இந்த ஆட்டம்தான். சில வாரம் சீட்டு, பல வாரம் பகடை. எதுவானாலும் ஆட்டத்தின் பெயர் ‘பொய்’. ஆளுக்குச் சில பகடை, ஆளுக்கொரு டம்ளர். தன் டம்ளருக்குள் இருப்பது மட்டும்தான் தனக்குத் தெரியும். எல்லா டம்ளரிலும் சேர்த்து “மூணு ஆறு இருக்கு” என்று ஒருவர் சொன்னால், அடுத்தவர் அதைவிடக் கூட்டிச் சொல்ல வேண்டும். நம்பிக்கை இல்லையென்றால் “பொய்” என்று கத்த வேண்டும். கத்திவிட்டால் டம்ளரைத் தூக்கியே ஆக வேண்டும். அதில் யாருக்கும் சலுகை கிடையாது. தோற்றவருக்கு ஒரு பகடை போகும். முதலில் எல்லாப் பகடையையும் விட்டவர் மற்றவர்களுக்குப் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும். பாண்டிமீனா வாங்கித் தந்து குடித்ததாக அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஆளைப் பார்த்தால் நம்ப முடியாது. அப்படியொரு பயந்தாங்கொள்ளி. குக்கர் விசிலுக்குத் திடுக்கிடுவாள். பழங்காநத்தத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். மாத்திரை அட்டையைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத்தான் கொடுப்பாள், கொடுத்த பிறகும் வாங்கியவர் தெருமுனை திரும்பும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்குப் பட்டப்பகலே பேய்தான்.

அந்தப் பயம்தான் அவளை ஜெயிக்க வைக்கிறது. பொய் சொன்னாலும் கை நடுங்கும், மெய் சொன்னாலும் நடுங்கும். எதிரே இருப்பவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? “இந்தா நடுங்குது பாரு, பொய்யி!” என்று பக்கத்து வீட்டு நாகஜோதி பாய்வாள். தூக்கிப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும்.

“நான் எங்கக்கா பொய் சொன்னேன்? எனக்குப் பயம். நீங்களா அதப் பொய்யின்னு நெனச்சுக்கிட்டா நான் என்ன செய்ய?” என்பாள், அதையும் பயந்துகொண்டே.

பயப்படுகிறவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்நேரமும் அடுத்தவர் முகத்தைப் படித்துக்கொண்டே இருப்பார்கள். நாகஜோதி பொய் சொன்னால் தாலிச்சரட்டைத் தொடுவாள். மாடி வீட்டுத் தமிழ்வாணிக்குத் திடீரென்று குரல் இனிக்கும். மகன் சித்தார்த் காது மடலைப் பிடிப்பான். சின்ன வயதில் பென்சிலைத் தொலைத்துவிட்டுப் பையில் இருக்கிறது என்று சாதித்தபோதும் அதே காதுதான். இதை அவனிடம் அவள் சொன்னதே இல்லை.

தை நெருங்குகிறது. சித்தார்த் அலங்காநல்லூரில் மாடு பிடிக்க ஆன்லைனில் பேர் கொடுத்திருக்கிறான். பாண்டிமீனாவின் தம்பி கண்ணுச்சாமியை, முன்பு ஒரு மஞ்சுவிரட்டில், மாடு வயிற்றில் குத்தித் தூக்கியது. வேட்டியால் வயிற்றைக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். பாதி வழியில் தம்பியின் கை அவள் கைக்குள்ளேயே குளிர்ந்துபோனது. அன்றைக்குப் பிடித்த நடுக்கம்தான் இது. மகனிடம் அழுதாள், பட்டினி கிடந்தாள். அவன் மசியவில்லை. போன ஞாயிறு அவனே ஒரு வழி சொன்னான்.

“சரிம்மா, நம்ம ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் ஆடுவோம். நீ ஜெயிச்சா நான் போகல. நான் ஜெயிச்சா நீ அழுகக் கூடாது. துன்னூறு பூசி அனுப்பணும்.”

“வெளையாடுற வெசயமாடா இது?”

கேட்டாளே தவிர, டம்ளரை எடுத்துவிட்டாள். வேறு வழி எதுவும் அவளிடம் மிச்சம் இல்லை.

காம்பவுண்டே கூடிவிட்டது. பகடைகள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஆளுக்கு ஒன்று நின்றது. குலுக்கினார்கள், கவிழ்த்தார்கள். பாண்டிமீனா ஓரமாகத் தூக்கிப் பார்த்தாள். அஞ்சு.

“ஒரு அஞ்சு,” என்றான் சித்தார்த்.

அவள் பகடையைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தாள். கை மடியிலேயே கிடந்தது, காதுக்குப் போகவில்லை. பிள்ளை மெய்தான் சொல்கிறான். அவன் டம்ளரிலும் அஞ்சுதான்.

“ரெண்டு அஞ்சு,” என்றாள். டம்ளர் மேல் வைத்திருந்த விரல்கள் தகரத்தில் மழை விழுவதுபோல் தடதடத்தன.

“எம்புட்டு நடுங்குது பாருங்க! பொய்யிம்மா, பொய்யி!”

தூக்கினார்கள். இரண்டு அஞ்சு. நாகஜோதி கை தட்டினாள், தமிழ்வாணி குலவையே போட்டாள். பாண்டிமீனாவுக்கு உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள்.

“சரிம்மா, நீதான் ஜெயிச்ச. போகல. இன்னைக்கே பேர எடுத்துருறேன்,” என்று சித்தார்த் சிரித்தான். சிரித்துக்கொண்டே காது மடலைப் பிடித்தான்.

“அப்பாடா, வாக்குக் குடுத்துட்டான். இனிமேலாச்சும் பயப்படாம இரு,” என்றாள் நாகஜோதி.

பாண்டிமீனா வாயைத் திறந்தாள். அந்த ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் தூக்க வேண்டும். தூக்கினால் உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். வாயை மூடிக்கொண்டாள்.

எழுந்து போய்த் தன் டம்ளரைக் கழுவி, குடத்திலிருந்து விளிம்புவரை தண்ணீர் மொண்டு வந்து, “குடிப்பா” என்று மகனிடம் நீட்டினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.