சந்தனம் வைத்த கம்ப்யூட்டரும் என் தங்கையும்

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமலே பன்னிரண்டாம் வகுப்பில் கம்ப்யூட்டர் பாடத்தில் இருநூற்றுக்கு நூற்று எண்பத்தொன்று வாங்கினாள் என் தங்கை தமிழ்ச்செல்வி. இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகு, இருபத்தொன்பது வயதில், தன்னைவிடப் பத்து வயது சிறியவர்களோடு உட்கார்ந்து ஹார்டுவேர் டிப்ளமோ முடித்தாள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சர்வீஸ் கடைக்கு வேலை கேட்டு வந்த பதினாறு பேரில் அவள் ஒருத்திதான் பெண். வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. எட்டாவதோடு நின்றுவிட்ட நான் இதை இத்தனை சரியாகச் சொல்கிறேன் என்றால், அவளுடைய சான்றிதழ்கள் எல்லாம் என் பீரோவில்தான் இருக்கின்றன.

பதினான்கு மாதம் கடைக்குள்ளேயே வேலை பார்த்தாள். முதலாளி அறிவழகன் அவளை வெளியே அனுப்பியதில்லை. ஒரு சனிக்கிழமை, வெளிவேலைக்குப் போகும் மற்ற இருவரும் லீவு. இராசிபுரத்திலிருந்து அவசரமாகப் போன் வந்தது. வண்டியில் கொண்டுபோய் விட்டவன் நான் என்பதால் நடந்ததை முழுதும் பார்த்தேன்.

கூப்பிட்டவர் கந்தப்பன். சொந்தமாகத் தறி ஓட்டுபவர், விசைத்தறிச் சேலைகளுக்கு டிசைனும் போட்டுக் கொடுப்பவர். அவருடைய கம்ப்யூட்டரில் அதை இயக்கும் மென்பொருள்களான விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருந்தன. போட்டதும் எது வேண்டும் என்று திரையில் கேட்கும். விண்டோஸ் அவருடைய டிசைனுக்கு. லினக்ஸ் மகள் கிருத்திகாவின் கல்லூரிப் படிப்புக்கு. மின்வெட்டில் விண்டோஸ் கெட்டுவிட்டது. அதை மட்டும் புதிதாகப் போட வேண்டும். லினக்ஸில் கிருத்திகாவின் கடைசி வருட ப்ராஜக்ட். ஃபைல்களைப் பிரதி எடுத்து வைத்திருந்தாள்தான். ஆனால் அது ஓடுவதற்கு நான்கு மாதமாகக் கோத்து வைத்த எல்லாமே அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. திங்கட்கிழமை காலை பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், ஆசிரியர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும்.

"உள்ளூர்ல கேட்டா எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் போடோணும்ங்கறாங்க அக்கா" என்றாள் கிருத்திகா.

"அழிக்க வேண்டாம் கண்ணு" என்று சொல்லிவிட்டு, தமிழ்ச்செல்வி முதலில் லினக்ஸைத் திறந்து, டிஸ்கில் எந்தப் பகுதி எவ்வளவு பெரியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். விண்டோஸ் போடும்போது பகுதிகள் பெயர் இல்லாமல், அளவோடு மட்டுமே வரிசையாக வந்தன. தாளை ஒப்பிட்டு இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்தினாள். நாற்பத்தைந்து நிமிடத்தில் விண்டோஸ் வந்துவிட்டது. கந்தப்பனின் மனைவி சுப்பம்மாள் எங்களை டீ குடிக்க உள்ளே அழைத்தார்.

திரும்பி வந்தால் பெட்டிக்குப் பூ, சந்தனம், குங்குமம். பக்கத்தில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

தமிழ்ச்செல்வி கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். கேள்வி எதுவும் வரவில்லை. நேராக விண்டோஸ் வந்து நின்றது. கிருத்திகாவின் முகம் சுருங்கிவிட்டது.

"லினக்ஸ் போயிருச்சா அக்கா?"

"அது பத்திரமா இருக்குது. வழி காட்டற பலகைய விண்டோஸ் எடுத்துப் போட்டிருச்சு. இப்படித்தான் பண்ணும்னு தெரியும், அதுக்கும் பென்டிரைவ் கொண்டாந்திருக்கறேன்" என்று குனிந்தவள் அப்படியே நின்றாள். முன்பக்கம் பென்டிரைவ் செருகும் துளைகள் இரண்டிலும் சந்தனம் அப்பியிருந்தது. ஈரம் காயவில்லை.

"ஏனுங்க, இதுக்குள்ள எதுக்குங்க வெச்சீங்க?"

"ரெண்டும் கண்ணு மாதிரி இருந்துதுங்க அம்மிணி" என்றார் கந்தப்பன். "வெறுமையா உட மனசு வரலைங்க."

"சாமிக்குக்கூட நெத்தியிலதானப்பா வெப்பாங்க!" என்றாள் கிருத்திகா, அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில்.

ஈரத்தோடு செருகினால் போர்டே போய்விடும். பின்பக்கத் துளைகளில் நான்கு போன ஐப்பசி இடியில் போய்விட்டனவாம். மிச்சம் இரண்டில் ஒன்றில் கீபோர்டு, ஒன்றில் மவுஸ். தமிழ்ச்செல்வி மவுஸைப் பிடுங்கிவிட்டுப் பென்டிரைவைச் செருகினாள்.

"மவுஸ் இல்லாம எப்படிங்க அம்மிணி?"

"நீங்க தறிய மவுஸ் வெச்சுங்களா ஓட்டறீங்க?"

சுப்பம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். கறுப்புத் திரையில் தமிழ்ச்செல்வி தட்டியவை மொத்தம் பதினொரு வரி. ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, தாளையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எண்டர் அடித்தாள். கடைசி வரி முடிந்ததும் பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி போட்டாள்.

எது வேண்டும் என்று கேட்டது. இரண்டு பெயரும் இருந்தன.

கிருத்திகா லினக்ஸுக்குள் போய் ப்ராஜக்டை ஓட்டினாள். துணியில் இழை அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் ப்ராஜக்ட் அது. ஒரு சேலைப் படத்தில் மூன்று சிவப்பு வட்டம் விழுந்தது.

"அக்கா, ஓடுது!" என்று தமிழ்ச்செல்வியைக் கட்டிக்கொண்டாள்.

கந்தப்பன் திரைக்கு அருகே போய்ப் பார்த்தார். "அடியே, அது நம்ம தறிச் சேலையல்ல? மூணு எடமா! இதையா வாத்தியாருங்க முன்னால காட்டப் போற?"

கிளம்பும்போது தமிழ்ச்செல்வி சர்வீஸ் தாளை நீட்டினாள். 'வேலை செய்தவர்' என்ற இடத்தில் முதலாளி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தார். கடையில் யார் செய்தாலும் அப்படித்தான்.

"இந்த அறிவழகன் ஆருங்க?" என்றார் கந்தப்பன்.

"எங்க முதலாளிங்க."

"அவரு இங்க வரவே இல்லீங்களே? டிசைன ஒருத்தர் போட்டு, பேர இன்னொருத்தர் போட்டா எங்க தொழில்ல ஒத்துக்கமாட்டோம்ங்க. எம்புள்ளைக்குப் பண்ணிக் குடுத்தவங்கதான் போடோணும்." அவரே அந்தக் கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தார்.

தமிழ்ச்செல்வி என்னைப் பார்த்தாள். "முதலாளி ஏதாச்சும் சொல்வாருங்களாண்ணா?"

"சொன்னாச் சொல்லட்டும், போடு புள்ள."

சுருக்காமல் முழுப் பெயரையும் எழுதினாள். கீழே தேதி போட்டாள்: 23.11.2024.